புழுங்கலரிசி சொல்லும் பாடம்

"உணவே மருந்து" என்னும் வழக்கு எமது நாட்டில் எல்லோர் வாயிலும் வழங்கி வருகின்றது. ஆயின், எந்த உணவு, எவ்வாறு ஆக்கப்பட்டபோது, எவர்க்கு மருந்தாகின்றது என்று நின்று கேட்போர் சிலரே. அரிசி என்பது ஒரே பெயர். ஆனால், நெல்லை அவித்துக் குத்தி உண்பவர் வீட்டில் அதனால் ஒரு பயன். பச்சையாகத் தீட்டி வெண்மையாக்கி உண்பவர் வீட்டில் வேறொரு பயன். இது வெறும் சுவைபற்றிய வேறுபாடென்று எண்ணுதல் தவறு. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோரின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்த வேறுபாடு அது. அவ்வரலாற்றிலே தமிழருக்கும் ஒரு பங்குண்டு. அதனை முதலிற் கூறிப் பின்னர், எமது நாட்டின் சில பகுதிகளிலே மக்கள் உண்ணும் முறை அவர்தம் உடல்நலத்தை எவ்வாறு காத்தும் குறைத்தும் வருகின்றது என்பதை நோக்குவோம்.

மலாயாவில் மூன்று இனத்தவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா நாட்டிலே ஈயச் சுரங்கங்களும் இறப்பர்த் தோட்டங்களும் புகையிரதப் பாதைகளும் பெருகிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் கப்பலேறியோர் பலர். தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலாளராகச் சென்றோர் அவர்களிலும் மிகப் பலர். அந்நாட்களில் அங்கு பெரிபெரி என்னும் நோய் பெருங் கொடுமை விளைத்தது. முதலிற் கால்கள் மரத்துப்போகும், தசை மெலியும், நடை தளரும். சிலருக்கு உடல் முழுதும் நீர்கோத்து வீங்கி, இருதயம் சோர்ந்து மரணம் நேரும்.

இந்நோய் எல்லோரையும் ஒரே அளவிற் பற்றவில்லை. சுரங்கங்களிலே உழைத்த சீனரே பெருந்தொகையாக மடிந்தனர். கிராமங்களில் வாழ்ந்த மலாயரிடையே நோய் அரிதாகவே காணப்பட்டது. தமிழரிடையேயும் அவ்வாறே. நிலம் ஒன்று, நீர் ஒன்று, வெப்பமும் மழையும் ஒன்று. பின்னர் ஏன் இவ்வேற்றுமை? நெகிரி செம்பிலானிற் பணியாற்றிய பிரெடன் என்னும் மருத்துவர் இதனை ஊன்றி நோக்கி, 1907ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சீனர் உண்டது வெளிநாட்டிலிருந்து வந்த, ஆலையிலே நன்கு தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சையரிசி. மலாயர் உண்டது தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிற் குத்திய அரிசி. தமிழர் உண்டதோ நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கலரிசி. எனவே, நோய் அரிசியைப் பொறுத்தது என்று பிரெடன் துணிந்தார். வெள்ளையரிசி பழுதுபட்டு அதில் நஞ்சு தோன்றுகின்றது என்று அவர் கூறிய காரணம் பிழையாயினும், அவர் கண்ட உண்மை நிலைத்துவிட்டது.

அதனைச் சோதித்துப் பார்த்தவர்கள் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவர்கள். காட்டினூடே வீதி அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 யாவாத் தொழிலாளரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வெள்ளையரிசியும் மற்றைக் கூட்டத்துக்குப் புழுங்கலரிசியும் வழங்கினர். சில மாதங்களில் வெள்ளையரிசி உண்டோரிடையே பெரிபெரி தோன்றிற்று. புழுங்கலரிசி உண்டோரிடையே தோன்றவில்லை. இருப்பிடத்தை மாற்றிப் பார்த்தனர். நோய் இடத்தைப் பின்பற்றவில்லை, அரிசியையே பின்பற்றிற்று. ஏழைத் தொழிலாளரை இவ்வாறு பரிசோதனைப் பொருளாக்குவதை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. ஆயினும், அவர்கள் பட்ட துன்பத்தினால் உலகம் ஓர் உண்மையைக் கற்றது என்பதை நாம் மறத்தலாகாது.

சிப்பாய் அரிசியும் கோழிகளும்

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே யாவாத் தீவின் பத்தேவியா நகரில் ஒரு விந்தை நிகழ்ந்திருந்தது. அங்கு பெரிபெரியை ஆராய்ந்துகொண்டிருந்த ஒல்லாந்த மருத்துவர் எய்க்மான் வளர்த்த கோழிகளுக்கு அந்நோயை ஒத்த முடக்குவாதம் கண்டது. பின்னர் அது தானாகவே மறைந்தது. விசாரித்ததில், இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு அக்கோழிகளுக்கு இடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் "சிப்பாய்களின் அரிசி சாதாரணக் கோழிகளுக்கு ஆகாது" என்று மறுத்துவிட்டதும் தெரியவந்தன. மலிவான தீட்டாத அரிசி கிடைத்ததும் கோழிகள் தேறிவிட்டன!

வெள்ளையரிசியில் நஞ்சு இருக்கின்றது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கின்றது என்று எய்க்மான் முதலில் எண்ணினார். அவருக்குப்பின் அப்பணியை ஏற்ற கிரைன்ஸ் என்பவரே, 1901ஆம் ஆண்டில், நஞ்சு ஒன்றுமில்லை, இன்றியமையாத ஏதோ ஒரு பொருள் வெள்ளையரிசியில் இல்லாமையே நோய்க்குக் காரணம் என்று தெளிந்தார். 1912ஆம் ஆண்டில் பங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் என்று பெயர் அமைத்தார். 1929ஆம் ஆண்டில் எய்க்மான் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். தவிட்டிலிருந்த அப்பொருளே இன்று தயமின் என்றும் விற்றமின் பி1 என்றும் வழங்குவது.

பானையில் நிகழ்வது என்ன?

எமது பாட்டிமார் நெல்லை நீரில் ஊறவைத்து, பெரும்பானையில் அவித்து, பாயிற் பரப்பி வெயிலிற் காயவைத்து, உரலிலிட்டுக் குத்தியபோது இவை எவற்றையும் அறிந்திருக்கவில்லை. அவித்தால் உமி இலகுவிற் பிரியும், அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பனவே அவர்கள் கண்ட நன்மைகள். ஆயின், அப்பானைக்குள் வேறொன்றும் நிகழ்கின்றது. நெல்லின் தவிட்டிலும் முளையிலும் உள்ள விற்றமின், ஊறும்போதும் அவியும்போதும் நீருடன் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகின்றது. பின்னர் மேற்பூச்சு நீங்கினாலும் உள்ளே சென்றது அங்கேயே தங்கிவிடுகின்றது. பச்சையரிசியிலோ மேற்பூச்சு நீங்கும்போது சத்தும் உடன் நீங்குகின்றது.

இந்திய உணவுச் சத்து அட்டவணையொன்று கூறும் அளவைப் பாருங்கள். ஆலையில் தீட்டிய பச்சையரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம், ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம்; கையாற் குத்திய புழுங்கலரிசியில் 0.27 மில்லிகிராம். ஒரே நெல், ஒரு முறை அவித்ததனால் மூன்று மடங்குக்கு மேற்பட்ட சத்து!

அடுக்களை வழக்கம் என்பதை நாம் அறியாமை என்று எள்ளிவிடவும் கூடாது. அறிவென்று கண்மூடி வணங்கிவிடவும் கூடாது. ஒவ்வொரு பகுதியின் உணவு முறையிலும் மறைந்திருந்து காக்கும் ஒரு பகுதி உண்டு. மறைந்திருந்து கெடுக்கும் ஒரு குறையும் இருக்கலாம். வழக்கத்தை மாற்றும்போது எது போகின்றது என்று அறிந்து, போவதற்கு ஈடு செய்துகொள்ளுதலே அறிவுடைமை. இவ்வளவுகோலைக் கொண்டு இலங்கையின் மூன்று பகுதிகளை நோக்குவோம்.

வடபகுதியின் வறண்ட நிலம்

ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே மாரி மழையை நம்பி விளைந்த நெல் ஆண்டு முழுமைக்கும் போதியதாக இருந்ததில்லை. ஆதலால் மக்கள் நெற்சோற்றுடன் குரக்கன், சாமை, தினை, ஒடியல், மரவள்ளி என்பனவற்றையும் உண்டனர். வறுமையினால் வந்த இவ்வழக்கத்திலே ஒரு செல்வமும் மறைந்திருந்தது. குரக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதே அளவிற்கு 10 மில்லிகிராம் அளவே காணப்படும். பசும்பால் அருந்த வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளின் எலும்புக்கு உரம் தந்ததிற் குரக்கன் கூழுக்கும் குரக்கன் பிட்டுக்கும் பங்குண்டு. வேலியோரத்து முருங்கையின் இலையும் அவ்வாறே கல்சியமும், கண்ணுக்கு இன்றியமையாத விற்றமின் ஏ ஆக உடலில் மாறும் பொருளும் நிறைந்தது.

ஒடியற் கூழை எடுத்துக்கொள்வோம். ஒடியல் மா தனியே நின்றால் பெரும்பாலும் மாச்சத்தும் நாருமே. அதனை முதலில் நீரில் ஊறவைத்து, மேல் நீரை வடித்துக் கைப்பை நீக்குவர். பின்னர் மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை, பழப்புளி என்பன ஒவ்வொன்றாகச் சேரும். புரதமும் இரும்புச்சத்தும் விற்றமின்களும் இவ்வாறு வந்து சேர்கின்றன. கூழின் பெருமை ஒடியலைச் சார்ந்ததன்று. அதனுடன் கூடிய பொருள்களைச் சார்ந்தது. இன்று விருந்தினருக்குக் கூழ் காய்ச்சுவோர் உண்டு; நாளாந்த உணவிலோ அது அருகிவிட்டது.

அதற்குப் பதிலாக வந்தவை எவை? பாண், கோதுமை மாப் பிட்டு, கோதுமை மா இடியப்பம், சீனி மிகுந்த தேநீர், பிஸ்கற். குரக்கன் நீரிழிவுக்காரரின் பத்திய உணவாகச் சுருங்கிவிட்டது. நோய் வந்தபின் தேடப்படும் அத்தானியம், நோய் வராமுன் வீட்டில் இருந்த ஒன்று என்பதை எண்ணும்போது வருந்தாதிருக்க முடியவில்லை. 2008ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் வயதுவந்தோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டிற்று. அதன்பின் நிலைமை மேலும் மோசமாகியுள்ளது. உணவு மட்டும் இதற்குக் காரணமன்று. வயலில் உழைத்த உடல் நாற்காலியில் அமர்ந்துவிட்டதும் ஒரு காரணமே. உழைப்புக் குறைந்தபோது சோற்றின் அளவு குறையவில்லை. அதன் நார் மட்டும் குறைந்துவிட்டது.

இன்று கடைகளில் விற்கும் நாட்டரிசியும் சம்பாவும் பெரும்பாலும் புழுங்கியவையே. அவ்வளவில் நாம் பாட்டிமார் வழியிலேயே நிற்கின்றோம். ஆயின், வெண்மையை விரும்பி ஆலையில் மிகத் தீட்டப்படும்போது புழுங்கலரிசியும் தன் நாரை இழந்துவிடுகின்றது. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசி வகைகளின் நிறம் மேற்பூச்சிலேயே இருப்பதாகும். ஆதலால் சிவப்பரிசி வாங்குவோர், அரிசியின்மேற் சிவப்பு எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்த்தாலே தீட்டலின் அளவை அறிந்துகொள்ளலாம்.

உப்பில் வந்த தீர்வு

தென்மேற்குப் பகுதியின் கதை வேறு. அங்கு மழை மிகுதி, பசுமை மிகுதி, கீரைக்கும் காய்க்கும் பஞ்சமில்லை. இலைகளை அரைத்துக் காய்ச்சும் "கொல கெந்த" என்னும் இலைக்கஞ்சியைக் காலையில் அருந்தும் சிங்கள மக்களின் வழக்கம் எவரும் பின்பற்றத் தக்கது. எனினும், அவ்வீரவலயத்திற் கழுத்துக் கழலை நெடுங்காலமாகப் பரவலாகக் காணப்பட்டது. அயடீன் என்னும் பொருளின் குறைவினால் தொண்டைச் சுரப்பி வீங்குவதே அந்நோய். கருவுற்ற தாய்க்கு அயடீன் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

இக்குறையை எந்த இல்லத்தரசியும் தன் கைத்திறத்தால் தீர்த்திருக்க முடியாது. 1995ஆம் ஆண்டில், மக்கள் உண்ணும் உப்புக்கெல்லாம் அயடீன் சேர்த்தல் சட்டமாக்கப்பட்டது. அதன்பின் பள்ளிப் பிள்ளைகளிடையே கழலை நோய் பெரிதும் குறைந்துள்ளது. உண்ணும் முறையை மாற்றும்படி எவரையும் வற்புறுத்தாமல், நாள்தோறும் கறியிற் சேரும் உப்பின் வழியாகவே குறை நிரப்பப்பட்டது. வழக்கத்தில் உள்ள குறை தனி மனிதரின் சக்திக்கு அப்பாற்பட்டதாயின், அரசு தலையிட்டே தீரவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மலையகத்தின் நிரம்பாத குறை

இனி, நிரப்பப்படாத குறையொன்றைக் கூறவேண்டும். பிரித்தானியர் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்கு அரிசி தோட்டத்திலேயே வழங்கப்பட்டு, அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா நாட்டுக்குள் வந்தது. யுத்தம் முடிந்த பின்னரும் மாவின் வழக்கம் நிலைத்தது. மலையகத்திலோ அது முதன்மை உணவாகவே வேரூன்றிற்று. விடியற்காலையில் மலையேறவேண்டிய பெண்ணுக்கு, விரைவிற் சுடக்கூடியதும் கையிற் கொண்டுசெல்லக்கூடியதும் ரொட்டி ஒன்றே. அதற்குத் துணை ஒரு சம்பல். குடிக்க வெறுந் தேநீர்.

இவ்வுணவு பசியை ஆற்றும், இரத்தத்தை ஊட்டாது. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து இயல்பாகவே உடலிற் சிறிதளவுதான் சேரும். உணவுடன் தேநீர் அருந்தினால் தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் அச்சிறிதளவையும் பற்றிக்கொள்ளும்; உடலிற் சேரும் இரும்புச்சத்து பாதிக்கும் மேலாகக் குறைந்துவிடக்கூடும். இரத்தச்சோகை கொண்ட தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கின்றது. அக்குழந்தை வளரும்போதும் அதே ரொட்டியும் அதே தேநீரும். 2016ஆம் ஆண்டில் அரசு நடத்திய குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். நுவரெலியா மாவட்டத்தில் நூற்றுக்கு 32 பேர். கொழும்புச் சந்தைக்குக் கரட்டும் லீக்சும் கோவாவும் அனுப்பும் மாவட்டம் அதுவே என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

லயத்து மக்களைப் பார்த்து "கீரை உண்ணுங்கள், முட்டை உண்ணுங்கள்" என்று உபதேசித்து விலகிவிடுதல் எளிது. நாட்கூலியில் மாவும் பருப்பும் வாங்கியபின் முட்டைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பார் இல்லை. 1974ஆம் ஆண்டின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. அப்போது குறைந்தது அறிவன்று, உணவே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் விலையேற்றத்தின் சுமையை மிக வன்மையாக உணர்ந்தோர் அவர்களே. சுத்தமான நீரும் மலசலகூடமும் இல்லாத இடத்தில், அடிக்கடி வயிற்றோட்டத்தால் வாடும் பிள்ளைக்கு உண்ட உணவும் உடலில் ஒட்டாது. எனவே, கூலி, காணி, குடிநீர் என்பனவற்றைப் பற்றிப் பேசாது சத்துணவைப் பற்றி மட்டும் பேசுதல் பாதி உண்மையே ஆகும். உப்புக்குச் சட்டம் செய்த நாடு, இப்பிள்ளைகளின் வளர்ச்சிக்கும் வழி செய்யக் கடமைப்பட்டது.

கைக்கு எட்டியவை

ஆயினும், அதுவரை கைகட்டி இருத்தல் தகாது. செலவின்றியோ சிறு செலவிலோ செய்யக்கூடியவை சில உள. அவற்றை எல்லாப் பகுதியாருக்கும் பொதுவாகக் கூறுவோம்.

தேநீரைச் சாப்பாட்டுடன் அருந்தாது, ஒரு மணி நேரம் கழித்து அருந்துங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கீரையிலும் பருப்பிலும் இறுதியாகத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். புளியிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்து உடலிற் சேர உதவும். ரொட்டி மாவைப் பிசையும்போதே ஒரு பிடி முருங்கையிலையோ வேறு கீரையோ நறுக்கிச் சேர்க்கலாம். குரக்கன் மாவைக் கலந்து சுடலாம். நெத்தலிக் கருவாடு சிறிதளவாயினும் பிள்ளையின் கோப்பையிலும் விழட்டும். அதன் முள்ளிலும் கல்சியம் உண்டு. உப்பு மிகுதியைப் போக்க, கருவாட்டை முதலில் நீரில் ஊறவைத்துக் கழுவுதல் நன்று.

அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவாதீர்கள். வடித்த கஞ்சியை ஊற்றிவிடாதீர்கள். அதில் உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்து அருந்தும் எமது பழைய வழக்கத்தை மீட்டுக்கொள்ளுங்கள். அயடீன் கலந்த உப்பை மூடியுள்ள பாத்திரத்திலிட்டு அடுப்பின் வெக்கை படாத இடத்தில் வையுங்கள். சிகிச்சை நிலையத்தில் வழங்கும் திரிபோஷா மா எந்தப் பிள்ளைக்கு அல்லது எந்தத் தாய்க்கு வழங்கப்பட்டதோ, அவருக்கே சேரட்டும். வீட்டார் எல்லோரும் பங்கிட்டால் எவருக்கும் பயன்படாது போகும்.

பழைய வழக்கங்களில் விடவேண்டியதும் ஒன்றுண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குக் கீரையும் பழமும் "குளிர்ச்சி" என்று மறுத்துவிடும் வீடுகள் இன்னும் உள்ளன. இழந்த இரத்தத்தை மீட்டுக்கொள்ளவேண்டிய வேளையிலே அவளுக்கு அவை மறுக்கப்படுதல் தகாது. சரக்குக் கறியும் மீனும் கொடுப்பது நன்றே. கீரையும் அதனுடன் சேரட்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கமும் இத்துடன் ஒழியவேண்டியது. இதனை ஆண்மக்களுக்கே விசேடமாகக் கூறுகின்றோம்.

மலாயாக் காடுகளிலே தமிழ்த் தொழிலாளரைக் காத்தது அவர்கள் அறியாது கைக்கொண்ட ஒரு வழக்கம். அவர்களுக்கு வாய்த்த அந்நல்வாய்ப்பை நாம் எதிர்பார்த்திருக்கவேண்டியதில்லை. எது காக்கின்றது, எது கெடுக்கின்றது என்பது இன்று எமக்குத் தெரியும். தெரிந்ததை அடுக்களையிற் செய்வது எமது பொறுப்பு. அடுக்களையால் இயலாததை ஆட்சியிடம் கேட்டுப் பெறுவதும் எமது பொறுப்பே.